திரைக்குப் பின்பக்கம்

(பழவேற்காட்டை ஒட்டிய காலனி ஒன்றில் மாணவர்கள் நடத்திய திரையிடலுக்குப் பிறகு பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு வழக்கு பல இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

தோழர்களே, அக்காமாரே, பின்னாடி நின்னுக்கினு இருக்கிற பசங்களே,

'தலித் மக்களும் வெகுசன சினிமாவும்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். அந்தத் தலைப்பில் பேசுவதற்கு நம்மிடம் ஆட்கள் இருக்கிறார்கள். படத்தில் யாரை எப்படிக் காட்டினான், யாரைக் காட்டாமல் விட்டான் என்று காட்சி காட்சியாகப் பிரித்துப் போடுகிற வேலையை நம் எழுத்தாளர்கள் முப்பது வருடமாகச் செய்துகொண்டிருக்கிறார்கள். அது நடக்கட்டும். நான் அதற்கு முந்திய ஒரு கேள்வியைக் கேட்கலாம் என்று வந்திருக்கிறேன். படத்தை எங்கே உட்கார்ந்து பார்த்தோம்? யாரோடு பார்த்தோம்? பார்த்துவிட்டு வீட்டில் என்ன பேசிக்கொண்டோம்? கோட்பாட்டுக் கட்டுரைகளில் 'பார்வையாளர்' என்று ஒருமையில் எழுதுகிறார்கள். அப்படி ஒரு ஒற்றை ஆளை நான் எங்கள் காலனியில் பார்த்ததில்லை. ஆயா, அம்மா, நைனா, தம்பி, பக்கத்து இருளர் குடிசை அக்கா, அவள் பிள்ளைகள் என்று இத்தனை பேர் குறுக்கே பேசப் பேசத்தான் எனக்குப் படம் ஓடியிருக்கிறது. இவர்கள் பேசியதை எடுத்துவிட்டால் படம் என்று தனியாக என்னிடம் ஒன்றும் மிஞ்சாது.

பேராசிரியர் கா. சிவத்தம்பி தமிழ் சினிமாவை அரசியல் தொடர்பு சாதனமாக வைத்து 1981-ல் ஒரு சிறு நூல் எழுதினார். அதில் ஒரு முக்கியமான கருத்து உண்டு. கோயிலிலும் கூத்திலும் சபாக்களிலும் சாதிப்படி இடம் பிரித்து உட்கார வைத்த சமூகத்தில், எல்லாத் தமிழரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து பார்த்த முதல் கலைக்கூடம் சினிமாக் கொட்டகைதான். அங்கே இடத்தைத் தீர்மானித்தது பிறப்பு அல்ல, டிக்கெட்டுக்குக் கொடுக்கிற காசு என்பது அவர் வாதத்தின் சாரம். இதைப் படித்தபோது எனக்கு சந்தோஷமாகத்தான் இருந்தது. பொன்னேரிக்கு பஸ் ஏறிப் போய் தரை டிக்கெட்டில் மணலைக் குவித்துவைத்து அதன்மேல் உட்கார்ந்து படம் பார்த்த எங்கள் நைனாவுக்கு இது பொருந்தும். டிக்கெட் கிழிக்கிறவன் அவரை எந்த ஊர் எந்தத் தெரு என்று கேட்கவில்லை. அதற்காகவே பஸ் ஏறினேன் என்று அவர் சொல்லுவார். படத்தைவிட அந்தக் கேள்வி இல்லாத மூணு மணி நேரம் அவருக்குப் பெரிசு.

ஆனால் பேராசிரியர் சொல்வது கூரை இருக்கிற இடத்துக்கு. எங்கள் ஏரிக்கரைக்கு சினிமா கூரையோடு வரவில்லை. துணியோடு வந்தது.

இது இங்கே இருக்கிற பிள்ளைகளுக்குத் தெரியாது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்லுகிறேன். குப்பத்தில் திருவிழா என்றால் 16 எம்.எம். கருவியை வாடகைக்கு எடுத்துக்கொண்டு ஒருத்தர் வருவார். இரண்டு சவுக்குக் கழி நட்டு நடுவில் வெள்ளைத் துணியைக் கட்டுவார்கள். கருவி இருக்கிற பக்கம் ஊர்க்காரர்கள் உட்காருவார்கள். எங்கள் சனம் துணிக்கு அந்தப் பக்கம். யாரும் உட்காராதே என்று பலகை எழுதி வைக்கவில்லை. நாட்டாண்மை கூப்பிட்டுச் சொல்லவும் இல்லை. அது அப்படித்தான். மெல்லிய துணி என்பதால் படம் அந்தப் பக்கமும் தெரியும், ஆனால் எல்லாம் இடவலம் மாறி. எழுத்து போடும்போது எல்லா எழுத்தும் தலைதப்பித் திரும்பி நிற்கும். படிக்கத் தெரிந்தவர் எங்களில் அப்போது யாரும் அதிகம் இல்லை, அதனால் அந்த நஷ்டம் உறைக்கவில்லை. சண்டைக் காட்சியில்தான் வேடிக்கை. எங்கள் ஆயாவுக்குத் தெரிந்த எம்.ஜி.ஆர். இடது கைக்காரர். இடது கையால் வாள் வீசுவார், இடது கையால் துடுப்புப் போடுவார், இடது கையால் ஏழைக்குக் காசு கொடுப்பார். "ஒரு கை கொடுக்கிறது இன்னொரு கைக்குத் தெரியக்கூடாதுன்னு நோட்டாங்கையால குடுக்கறாரு" என்று ஆயா அதற்கு ஒரு விளக்கமும் வைத்திருந்தாள்.

ஆயா கதை இதோடு நிற்கவில்லை. 2006-ல் வந்த தி.மு.க. ஆட்சி இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுத்ததே, அதில் ஒன்று எங்கள் வீட்டுக்கும் வந்தது. இலவசம் இலவசம் என்று பத்திரிகைகள் கேலி பண்ணிக்கொண்டிருந்த காலம். அந்தப் பெட்டி காலனிக்குள் வந்தது என்ன மாற்றம் என்று கேலி பண்ணினவர்களுக்குத் தெரிய நியாயம் இல்லை. அதுவரை டி.வி. பார்க்க வேண்டுமென்றால் ஊர் வீட்டு ஜன்னலுக்கு வெளியே நிற்க வேண்டும். அதில் ஒரு நாள் 'படகோட்டி' போட்டான். 1964-ல் வந்த படம், பிரகாஷ் ராவ் டைரக்ஷன், வாலி பாட்டு, விஸ்வநாதன் ராமமூர்த்தி இசை. ஆயா முன்னே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். எம்.ஜி.ஆர். வந்து துடுப்பைப் பிடித்ததும், "இன்னாடி இது, டி.வி.யில தப்பா காட்டறான், அவரு இந்தக் கையில இல்ல புடிப்பாரு" என்றாள். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். எவ்வளவு சொல்லியும் அவள் ஒத்துக்கொள்ளவில்லை. நாங்க பார்த்ததுதான் நெசம் என்றாள். 2009-ல் சாகிற வரை அதில் பிடிவாதமாக இருந்தாள்.

பின்னால் பல்கலைக்கழகக் கருத்தரங்குகளில் 'எதிர் வாசிப்பு', 'தலைகீழாக்கம்' என்கிற சொற்களைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஆயாதான் ஞாபகம். ஆனால் இதை நான் கொண்டாடப் போவதில்லை. துணிக்குப் பின்னால் உட்கார வைத்தது ஒன்றும் கோட்பாட்டுப் பயிற்சி கொடுப்பதற்காக அல்ல. அவளுக்கு முன்பக்கம் வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

அன்றைக்கு அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே ஆயா கேட்ட ஒரு கேள்வியைத்தான் நான் இத்தனை வருடமாகச் சுமந்துகொண்டிருக்கிறேன். 'படகோட்டி'யில் மீனவர்களுக்குள் இரண்டு கூட்டம், அவர்களுக்குள் பகை, அதை மூட்டிவிட்டுக் குளிர்காய்கிற பணக்காரன் நம்பியார். மீனவர் ஒன்று சேர்ந்தால் சுரண்டல் ஒழியும். நல்ல கதை. ஆயா கேட்டாள்: "அந்தக் குப்பத்துல நம்ம ஆளு எங்க? மீன் கூடை எவன் தூக்கறான்? சாவுக்கு எவன் அடிக்கறான்? எறா தடவறவ எங்க?"

இருக்கிற எல்லா மீனவப் படங்களையும் மனதில் ஓட்டிப் பாருங்கள். 'மீனவ நண்பன்', 'கடலோரக் கவிதைகள்', 'நீர்ப்பறவை', 'மரியான்', 'கடல்' என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். அவற்றில் 'நீர்ப்பறவை' மாதிரி ஒன்றிரண்டின்மேல் எனக்கு மரியாதையும் உண்டு. ஆனால் தண்ணீருக்குள் சாதி இருக்கிறது என்பதை எது சொன்னது? சினிமாவைப் பொறுத்தவரை சாதி என்பது வயலில், தெருவில், டீக்கடையில் இருப்பது. கடலுக்கும் ஏரிக்கும் வந்தால் எல்லாரும் 'மீனவ சமுதாயம்'. ஒரே பாட்டு, ஒரே சோகம்.

எங்கள் ஏரியின் நிலவரம் வெளியூர்த் தோழர்களுக்கு. இங்கே 'பாடு' என்று ஒரு முறை இருக்கிறது. எந்த இடத்தில், எந்த நாளில், யார் சுத்து வலை கட்டலாம் என்று சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்ளும் ஏற்பாடு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் என்று பட்டினவர் குப்பங்களுக்குள் பரம்பரையாக வருகிற உரிமை, அதுவும் ஆண்களுக்கு. இதை ஆய்வாளர்கள் பலர் பாராட்டி எழுதியிருக்கிறார்கள். அரசாங்கம் இல்லாமலே மக்கள் வளத்தைப் பகிர்ந்துகொள்கிற பாரம்பரிய சனநாயகம் என்று. உள்ளே இருக்கிறவர்களுக்குள் அது நியாயம்தான், நான் மறுக்கவில்லை. பேராசைக்காரன் ஒருத்தனே எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகாமல் அது தடுக்கிறது. ஆனால் சீட்டுக் குடத்துக்குள் பெயர் இல்லாதவருக்கு அதில் என்ன சனநாயகம்? ஆதிதிராவிடருக்கும் இருளருக்கும் விட்டது ஓரத்துத் தண்ணீர், கைவலை, கைத்தடவல். அவர்களுக்குப் பாடு, நாங்கள் படுகிறதும் பாடு. தமிழில் எப்படி இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தார்களோ தெரியவில்லை.

இதைச் சொன்னால் ஒற்றுமையைக் குலைக்கிறோம் என்பார்கள். எண்ணூரில் துறைமுகம் வந்தபோதும், அனல்மின் நிலையச் சாம்பல் கழிமுகத்தை மூடியபோதும், 2018-ல் அதானி கைக்குப் போன காட்டுப்பள்ளித் துறைமுகத்தை விரிவாக்கத் திட்டம் போட்டபோதும், குப்பத்து மக்களோடு காலனிக்காரர்களும் இருளரும் சேர்ந்துதான் நின்றார்கள். நாளைக்கும் நிற்போம். முகத்துவாரம் தூர்ந்தால் செத்து மிதக்கிற மீனுக்கு சாதி இல்லை. போராட்டத்தில் 'மீனவர்' என்று எங்களையும் எண்ணுகிறார்கள், சீட்டில் எண்ணுவதில்லை. நாம் பார்க்கிற படங்களும் போராட்ட மேடை மாதிரிதான், எண்ணிக்கைக்கு எல்லாரையும் கும்பலில் வைத்திருக்கின்றன.

இந்த இடத்தில் 'செம்மீன்' பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். தகழி சிவசங்கரப் பிள்ளை 1956-ல் எழுதிய நாவல். சுந்தர ராமசாமி தமிழில் கொடுத்தார். 1965-ல் ராமு காரியாட் படமாக எடுத்து, குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கம் வாங்கினார். நாவலைப் படித்தவர்கள் கவனித்திருப்பீர்கள். படகும் வலையும் யார் வாங்கலாம் என்பதற்கு அங்கே கடற்கரைக்குள்ளேயே ஒரு சாதி வரிசை உண்டு, துறைத் தலைவனுக்குக் காணிக்கை உண்டு. செம்பன்குஞ்சு படகு வாங்க ஆசைப்படுவது அதனால்தான் அவ்வளவு பெரிய விஷயமாகிறது. தகழி ஒரே கடற்கரைக்குள் படிநிலை இருப்பதைப் பார்த்துவிட்டார். ஆனால் நம் நினைவில் தங்கியது அது அல்ல, கறுத்தம்மாவும் பரீக்குட்டியும் நிலாவும் கடல் அலையும்தான்.

அந்தப் படத்தை நான் கல்லூரியில் பார்த்துவிட்டு வந்து, பிறகு ஒரு லீவில் அம்மாவோடு பார்த்தேன். மலையாளம் புரியாத இடத்தில் நான் கதை சொன்னேன். கரையில் இருக்கிற பெண்டாட்டி ஒழுக்கமாக இருந்தால்தான் கடலுக்குப் போன புருஷனைக் கடலம்மா திருப்பி அனுப்புவாள் என்கிற நம்பிக்கையைச் சொன்னேன். அம்மா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து கேட்டாள். "அவன் கடலுக்குப் போறான், செத்தா இவ மேல பழி. சரி. நாங்க பொம்பளைங்களே இடுப்பளவு தண்ணியில நின்னு தடவறோமே, எங்க கால்ல திருக்கை கொட்டினா அது எவன் யோக்கியதை கெட்டதால? உங்க நைனா யோக்கியதையாலயா?" நைனா திண்ணையில் இருந்து, "என்னை ஏண்டி இதுல இழுக்கற" என்றார்.

சிரிப்புக்காக இதைச் சொல்லவில்லை. 'செம்மீ'னைப் பற்றி நான் வாசித்த விமர்சனங்களில் கற்புக் கோட்பாட்டைக் கண்டித்தவர்கள் உண்டு, ஆணாதிக்கம் என்றவர்கள் உண்டு. ஆனால் பெண் கரையில் நிற்பவள், ஆண் தண்ணீருக்குள் போகிறவன் என்கிற அடிப்படை எல்லாருடைய எழுத்திலும் அப்படியே இருந்தது. அந்த அடிப்படையே சில சாதிகளுக்கு உரியது என்று எனக்குக் காட்டியது அம்மாவின் கால்தான். படகு வைத்திருக்கிற சாதியின் பெண் கரையில் காத்திருப்பாள். படகில்லாத சாதியின் பெண் தண்ணீருக்குள் இருப்பாள்.

இருளர் அக்கா இறால் பிடிப்பதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? சேற்றுத் தண்ணீரில் குனிந்து, சில இடங்களில் உட்கார்ந்தபடியே நகர்ந்து, இரண்டு கையாலும் அடியைத் தடவிப் பிடிக்க வேண்டும். இரண்டு கையும் தண்ணீருக்குள் இருப்பதால் பனையோலையில் பின்னின பறியைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். மணிக்கணக்காக. நம் படங்களில் மீனவப் பெண் எப்போதும் பாடிக்கொண்டிருக்கிறாள். வாயில் பறியைக் கடித்துக்கொண்டிருக்கிறவள் எப்படிப் பாடுவாள்? டைரக்டர் யாராவது இங்கே வந்து ஒரு காலை நேரம் நின்றிருந்தால் அந்தப் பாட்டுகள் பாதி போயிருக்கும்.

வந்து நிற்கிறவர்களும் இல்லாமல் இல்லை. பொங்கலையொட்டிப் பூநாரை வரும் காலத்தில் நீளமான லென்ஸோடு வருகிறார்கள். 1980-லிருந்து இது பறவைகள் சரணாலயம், வருவதில் தப்பில்லை. ஒருமுறை ஒருத்தர் அம்மாவைப் பார்த்துக் கையசைத்தார், கொஞ்சம் நகருங்கள் என்று. பறவைக்கு நடுவில் அவள் தலை தெரிகிறதாம். அம்மா நகரவில்லை. இறால் அங்கேதான் இருந்தது.

1991-ல் அம்பேத்கர் நூற்றாண்டு வந்ததே, அப்போது காலனிப் பையன்கள் வீட்டுக்கு வீடு வசூல் பண்ணி டி.வி.யும் டெக்கும் வாடகைக்கு எடுத்தார்கள். முதல்முறையாக முன்பக்கமும் எங்களுடையது, பின்பக்கமும் எங்களுடையது. என்ன படம் போடுவது? அண்ணல் பிறந்த நாளுக்குப் போட எங்களுடையது என்று ஒரு படம் கிடையாது. விடிய விடிய ரஜினி படம் போட்டார்கள். தெருவே சந்தோஷமாக இருந்தது. அம்பேத்கராக மம்முட்டி நடித்து, ஜப்பார் படேல் எடுத்த படம் 2000-ல் வந்தது. அது தமிழ் பேசி நம் திரைக்கு வர 2010 டிசம்பர் ஆயிற்று. அதற்கும் உயர் நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது. ஒரு தலைவருடைய படம் ஒரு மொழிக்கு வர ஏன் பத்து வருடம் என்று யாரும் மேடையில் கேட்டு நான் கேட்டதில்லை.

அந்தப் படத்தை குறுந்தகடில் வீட்டில் பார்த்தோம். மகத் குளத்தில் 1927 மார்ச் 20 அன்று அண்ணல் இறங்கித் தண்ணீரைக் கையில் அள்ளிய வரலாறு வருகிறது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. அம்மாவுக்கு சிலிர்க்கவில்லை, யோசித்தாள். பிறகு சொன்னாள்: "அந்தக் கொளத்துத் தண்ணியையாவது குடிக்கலாம். நம்ம ஏரித் தண்ணி உப்பு. குடிக்க ஆவாத தண்ணிக்கே இவனுங்க சீட்டு கேக்கறானுங்களே."

இதைவிட நன்றாக மகத் போராட்டத்தைப் பழவேற்காட்டுக்கு யாரும் மொழிபெயர்க்க முடியாது. இயக்கத் தோழர்கள் பாடு உரிமை பற்றித் துண்டறிக்கை போடும்போது அம்மாவின் இந்த வாக்கியத்தைப் போடச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன்.

இனி நைனா. 'பரியேறும் பெருமாள்' 2018-ல் வந்தது. மாரி செல்வராஜ் எடுத்தது, பா. இரஞ்சித்தின் நீலம் தயாரித்தது. தம்பி போனில் இறக்கிக்கொண்டு வந்து டி.வி.யில் போட்டான். நைனா முதலில் நாயைப் பார்த்து ரொம்ப ரசித்தார். பரியனின் அப்பா வருகிறார், கூத்தில் பெண் வேடம் கட்டுகிறவர். நெல்லைப் பக்கத்து நாட்டுப்புறக் கலைஞர் தங்கராசு அதில் நடித்தார், 2023-ல் காலமாகிவிட்டார். அந்த அப்பாவை வேட்டியை உருவி ஓடவிடுகிற காட்சி வந்ததும் நைனா எழுந்தார். பீடி பிடிக்கப் போகிறார் என்று நினைத்தோம். வெகுநேரம் வரவில்லை. நான் வெளியே போய்ப் பார்த்தேன். வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். "ஒன் எதிர்ல குந்திக்கினு அதைப் பார்க்க முடியலம்மா" என்றார்.

தனியாகப் பார்த்திருந்தால் பார்த்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். பிள்ளைகளோடு பார்த்ததால் முடியவில்லை. இது விமர்சகர்கள் யாரும் எழுதாத விஷயம். நம் படங்கள் வரத் தொடங்கிய பிறகு, நம் அவமானம் நம் நடுவீட்டில், நம் பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, ஓடுகிறது. அப்பனும் மகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் திரையைப் பார்க்க வேண்டியிருக்கிறது. அடுத்த நாள் வலை பொத்துக்கொண்டிருக்கும்போது, நாங்கள் யாரும் கேட்காமலே நைனா ஒன்று சொன்னார். நான் பிறப்பதற்கு முன்னால், ஒரு குப்பத்து வழியாக அவர் சைக்கிளில் ஏறிப் போனதற்கு, சைக்கிளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு திரும்ப நடக்கச் சொன்னார்களாம். அம்மாவுக்கே அது தெரியாது. நாற்பது வருடம் அந்த மனுஷன் அதை வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். படத்தின் கடைசியில் இரண்டு டீ கிளாஸ் வருகிறது, பேசிப் பார்க்கலாம் என்கிற மாதிரி முடிகிறது, அது சமரசமா இல்லையா என்று நாம் பத்திரிகைகளில் அடித்துக்கொண்டோம். எங்கள் வீட்டில் அந்த டீ கிளாஸைப் பற்றிப் பேச்சே வரவில்லை. சைக்கிளைப் பற்றித்தான்.

'ஜெய் பீம்' 2021 நவம்பர் 2-ல் அமேசானில் வந்தது. ஞானவேல் இயக்கம். எந்தத் தியேட்டருக்கும் வரவில்லை. இருளர் அக்கா குடிசையில், ஒரு போனை பவுடர் டப்பாவுக்குச் சாய்த்து வைத்து, ஒன்பது பேர் பார்த்தோம். சிறைக்கு வெளியே நிற்க வைத்து சாதி கேட்டுக் கேட்டு, சிலரை வீட்டுக்கு அனுப்பி மற்றவர்களை மறுபடி போலீசிடம் கொடுக்கிற அந்த முதல் காட்சியில் யாரும் அசையவில்லை. லாக்கப்பில் அடிக்கிற காட்சிகள் ஆரம்பித்ததும் அக்கா போனைத் திருப்பி வைத்தாள். சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. "இதை எடுத்து எங்களுக்கே காட்டணுமா? எங்க வூட்டு ஆம்பளைக்கு நடந்தது எங்களுக்குத் தெரியாதா? தெரியாதவங்களுக்குப் போட்டுக் காட்டு" என்றாள்.

தெரியாதவர்களுக்காகத்தான் அந்தப் படம். அதில் சந்தேகமில்லை. தெரியாதவர்கள் பார்த்து அழுதார்கள், முதலமைச்சர் பார்த்தார், சூர்யா இருளர் நலனுக்கு ஒரு கோடி கொடுத்தார், பல ஊர்களில் பட்டாவும் சாதிச் சான்றிதழும் வேகமாக நகர்ந்தன. இதையெல்லாம் அற்பம் என்று சொல்லுகிற திமிர் எனக்கு இல்லை. ஆனால் நிஜத்தில் 1993-ல் கம்மாபுரம் காவல் நிலையத்தில் அடித்துக் கொல்லப்பட்ட ராஜாக்கண்ணு குறவர் சமூகத்தைச் சேர்ந்தவர். படம் அவரை இருளராக்கிற்று. இருளருக்கு நடப்பது பொய்யில்லை, குறவருக்கு நடந்ததும் மறைந்துபோகக் கூடாது. இரண்டு ஒடுக்கப்பட்ட சமூகங்களை ஒன்றின் இடத்தில் இன்னொன்றாக மாற்றி வைத்துக்கொள்ளலாம் என்று கதை எழுதுகிறவருக்குத் தோன்றுகிறது பாருங்கள், அது யோசிக்க வேண்டிய இடம்.

படம் முடிந்ததும் அக்கா கேட்டாள், "அந்த வக்கீலு நெசமா கீறாரா? நம்பரு கெடைக்குமா?" சந்துரு இருக்கிறார், அப்புறம் நீதிபதியாகி 2013-ல் ஓய்வு பெற்றுவிட்டார் என்றேன். "அப்போ இப்ப யாரு?" என்றாள். இந்தக் கேள்வியை இங்கே உட்கார்ந்திருக்கிற சட்டக் கல்லூரி மாணவர்களிடம் ஒப்படைக்கிறேன். அக்காவின் சின்னப் பெண்ணோ, அம்மா போனைத் திருப்பி வைத்ததையெல்லாம் மறந்துவிட்டு, கடைசிக் காட்சியில் வருகிற சிறுமி மாதிரி கால்மேல் கால் போட்டு ரேஷன் கார்டைப் பேப்பர் மாதிரி விரித்து வைத்துக்கொண்டாள். ஒரு மாதம் அதுதான் அவளுக்கு விளையாட்டு. தாய்க்குத் தாங்காத படம்தான் மகளுக்கு அந்த நாற்காலியைக் கொடுத்தது. இரண்டில் எது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்?

சிவத்தம்பி சொன்ன கூரைக்கு ஒரு நிமிடம் திரும்புகிறேன். 2023 மார்ச் 30, 'பத்து தல' வெளியான முதல் நாள். சென்னையில் ஒரு பெரிய திரையரங்கில் நரிக்குறவக் குடும்பம் ஒன்று கையில் டிக்கெட்டோடு நிற்கிறது. உள்ளே விடவில்லை. வீடியோ பரவிய பிறகு விட்டார்கள். படத்துக்கு யு/ஏ சான்றிதழ், பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் இருந்தார்கள் என்று விளக்கம் வந்தது. யு/ஏ என்றால் பெற்றோர் கூட இருந்து பார்ப்பது. பெற்றோர் கூடத்தான் நின்றார்கள். காசு கொடுத்தால் கூரை எல்லாருக்கும் என்பது இன்னமும் எல்லாருக்கும் ஆகவில்லை. அந்தக் குடும்பத்துக்கு அன்றைக்குப் போனது ஒரு படம் அல்ல. பிள்ளைகளைப் படத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிற அப்பா அம்மா என்கிற மரியாதை போயிற்று.

இன்னொரு வேடிக்கை சொல்லிவிடுகிறேன். இன்று காலனியில் பாதிக் கூரைகளில் டிஷ் இருக்கிறது. டி.டி.எச். ஒளிபரப்புக்கு என்று 2007 செப்டம்பரில் இன்சாட்-4சிஆர் ஏவினார்கள், எதிர்க்கரை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்துதான். ராக்கெட் விடுகிற நாளில் இந்தப் பக்கம் கடலுக்குப் போகக் கூடாது. அந்தத் தீவில் இருந்த யானாதி சனத்தை எழுபதுகளை ஒட்டி வெளியேற்றித்தான் ஏவுதளமே வந்தது. யானாதியும் இருளரும் சாப்பாட்டுக்குத் தேடுவது ஒரே சேற்றில். அவர்கள் மண்ணிலிருந்துதான் அந்த டி.டி.எச். செயற்கைக்கோள் மேலே போனது.

கடைசியாக உங்களிடம், திரையிடல் நடத்துகிற தோழர்களிடம், கொஞ்சம் கோபமாகவே சொல்லுகிறேன். நீங்கள் பட்டணத்திலிருந்து கருவி எடுத்து வருகிறீர்கள், உலக சினிமா போடுகிறீர்கள், நல்லது. படம் முடிந்ததும் 'கலந்துரையாடல்' என்கிறீர்கள். போன முறை நான் கவனித்தேன். நாற்பது நிமிடக் கலந்துரையாடலில் பேசியவர்கள் நான்கு பேர், நால்வரும் நீங்கள் வந்த வேனில் வந்தவர்கள். எங்கள் பெண்கள் படம் ஓடும்போதே பேசிவிட்டார்கள், நீங்கள்தான் 'அமைதி, அமைதி' என்று அடக்கினீர்கள். அடக்காதீர்கள். அவர்கள் பேசுவது அப்போதுதான். விளக்கைப் போட்டு மைக்கை நீட்டினால் அம்மா சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, 'நல்லா இருந்துச்சு' என்று மட்டும் சொல்லுவாள்.

இன்றைக்கு நீங்கள் துணியைக் காலனிக்கும் குப்பத்துக்கும் நடுவில் இருக்கிற மேட்டில் கட்டியிருக்கிறீர்கள். குப்பத்துப் பிள்ளைகள் சிலர் வந்து அந்தப் பக்கம் நின்று பார்த்தார்கள், இடவலம் மாறித்தான் பார்த்திருப்பார்கள். அவர்களை இந்தப் பக்கம் வந்து உட்காரச் சொல்லுங்கள் என்று தம்பியிடம் சொன்னேன். மூன்று பேர் வந்தார்கள். மீதிப் பேர் வீட்டில் திட்டுவார்கள் என்று அங்கேயே நின்றுவிட்டார்கள்.

அடுத்த மாதத் திரையிடலுக்கு இருளர் அக்கா ஒரு கோரிக்கை சொல்லி அனுப்பியிருக்கிறாள். பௌர்ணமியை ஒட்டிப் போட்டால் நிலா வெளிச்சத்தில் மக்கள் வந்து போக வசதி என்று நீங்கள் முடிவு பண்ணியிருக்கிறீர்களாம். பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும்தான் தண்ணீர் நன்றாக வற்றும், இறாலுக்குப் போக வேண்டும், அந்த நாளை விட்டுவிட்டு வேறு நாள் வையுங்கள் என்கிறாள். எந்த நாள் என்று அவளிடமே கேட்டுக்கொண்டு போங்கள், அதோ கடைசியில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.